கணக்கால் கடந்த தூரம்: அல்பிரூனியின் வாழ்வு

சென்ற ஆனி மாதம் எங்கள் உம்மம்மா உம்றாவுக்குப் போக முதல், மருதமுனையில் இருக்கும் சாச்சி வீட்டுக்குப் பயணம் சொல்லப் புறப்பட்டோம். காத்தான்குடியில் ஏறிய கல்முனை பஸ், செட்டிபாளையத்தில் சில்லுக்குக் காற்றுப் போய் நின்றுவிட்டது. சாரதி தூக்குப் பொறியைத் தேடிக்கொண்டிருக்க, நாங்கள் தெருவோரத்து வளவொன்றின் வேப்பமர நிழலில் ஒதுங்கினோம். அப்போதுதான் உம்மம்மா கைப்பையிலிருந்து விமான ரிக்கற்றை எடுத்து என்னிடம் நீட்டி, ஒரு கணக்கைக் கேட்டார்.

கட்டுநாயக்காவில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு ஜித்தாவில் பதினொன்றே முக்காலுக்கு இறங்குவதாக அதில் இருந்தது. அப்படியென்றால் மூன்றே முக்கால் மணித்தியாலம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகவே அதைவிட நேரம் எடுக்கிறதே, மக்கா அவ்வளவு கிட்டவா என்பது அவரது சந்தேகம். திரும்பி வரும் ரிக்கற்றிலோ எட்டு மணித்தியாலம் போல் காட்டியது. போகும்போது குறுகிய தூரம் வரும்போது எப்படி நீண்டது? உம்மம்மாவுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுபவர். எத்தனை மணித்தியாலம் கழித்து அடுத்த ஊசி, எப்போது சாப்பாடு, எந்தத் தொழுகை வானத்தில் வரும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் தொங்கின.

அதற்குள் அஸர் நேரம் வந்துவிட்டது. வளவுக்குச் சொந்தக்காரப் பெண் கிணற்றடியைக் காட்டி ஒழுச் செய்யத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவீர்கள் என்று கேட்டுத் திண்ணையையும் கூட்டிவிட்டார். உம்மம்மா வாவிப் பக்கம் முகம் வைத்து நின்று, பிறகு கொஞ்சம் வலப்புறம் திரும்பினார். இந்தத் தெருவால் பயணம் போகவே நம்மவர்கள் அஞ்சிய ஆண்டுகள் உண்டு. உம்மம்மா அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. தொழுது முடித்து, அந்தப் பெண்ணுக்கும் மக்காவில் துஆச் செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ரிக்கற்றுக் கணக்கும், அந்தக் கொஞ்சம் வலப்புறமும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதற்காகவே வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி எழுதுமாறு நம் சஞ்சிகை கேட்டபோது எனக்குச் செட்டிபாளையம்தான் நினைவுக்கு வந்தது.

அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மத் அல்பிரூனி, ஹிஜ்ரி 362, துல்ஹஜ் பிறை 3இல், அதாவது கி.பி. 973 செப்டெம்பர் 4ஆம் திகதி பிறந்தார். ஊர், குவாரிஸ்ம் நாட்டின் பழைய தலைநகரமான காத். ஆமூ நதிக்கரையில், இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. பிரூன் என்றால் பாரசீகத்தில் வெளியே என்று பொருள். நகருக்குப் புறத்தே பிறந்தவர் என்பதால் வந்த பெயர் என்பார்கள். இன்று அந்த ஊருக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரன் என்று அழைக்கப்பட்டவரின் பெயர் ஊரின் பெயராகிவிட்டது.

பெரிய குடும்பத்துப் பிள்ளை அல்ல. ஆனால் பெரிய ஆசான் கிடைத்தார். குவாரிஸ்மின் அரச குடும்பத்தைச் சேர்ந்த அபூ நஸ்ர் மன்சூர் ஒரு கணித மேதை. உருண்டையின் மேல் வரையப்படும் முக்கோணங்களுக்கான சைன் விதியைக் கண்டவர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். தட்டையான தாளில் வரையும் முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 பாகை என்று நாம் படிக்கிறோம். தோடம்பழத்தின் தோலில் வரைந்து பாருங்கள், கூடிவிடும். பூமியும் பழம் போல்தான். ஆகவே இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம், ஓர் ஊரிலிருந்து பார்த்தால் மற்ற ஊர் எந்தத் திசையில் என்ற கேள்விகளுக்குத் தாள் கணிதம் போதாது. தோடம்பழக் கணிதம் வேண்டும். அதை இளமையிலேயே ஆசானிடம் பெற்றார்.

பதினேழு வயதளவில், நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அகலாங்கைக் கண்டார். இதை வாசிக்கும் உயர்தர வகுப்புத் தங்கைமாருக்கும் அதே வயதுதான். பிறகு ஊர்களுக்கு இடையிலான தூரங்களை வணிகர்களிடமும் பயணிகளிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். பத்து முழ விட்டமுள்ள அரைக்கோளம் ஒன்றைச் செய்து, அதன் மேல் அந்த ஊர்களைக் குறிக்கத் தொடங்கினார். பெரிய வளையக் கருவி ஒன்றையும் அமைத்தார். 995இல் உள்நாட்டுப் போர் வந்தது. குர்கான்ஜ் நகரத்து ஆட்சியாளர் காத் நகரைப் பிடித்தார். அபூ நஸ்ரின் குடும்ப ஆட்சி முடிந்தது. இருபத்திரண்டு வயது இளைஞர் கருவியையும் கோளத்தையும் விட்டுவிட்டு ஓடினார்.

ஓடிப்போன இடங்களில் ஒன்று, இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரை நகரம். கையில் காசில்லை. அங்கிருந்த ஒரு சோதிடர், இவருடைய கிழிந்த நிலையைப் பார்த்து இவருடைய அறிவையும் மட்டமாக மதித்தாராம். பிற்காலத்தில் இவருக்கு வசதி வந்ததும் அதே மனிதர் நட்புக் கொண்டாடினாராம். இதைப் பிரூனியே தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். மறக்கவில்லை என்பது தெரிகிறது. அதே ரையில்தான் அல்குஜந்தி என்ற வானியலாளரைக் கண்டார். அவர் அப்போதுதான் ஒரு கட்டடத்தையே கருவியாகக் கட்டி, கூரைத் துவாரத்தால் விழும் சூரிய ஒளியைக் கொண்டு வானத்தை அளந்திருந்தார். அந்தத் துவாரம் ஒரு சாணளவு கீழே இறங்கிவிட்டதால் அளவு பிசகிவிட்டது என்பதை இருவரும் பேசியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கருவியாக இருந்தாலும் பிழை எங்கே புகுந்தது என்று கேட்கும் பழக்கம் பிரூனியிடம் கடைசி வரை இருந்தது.

இனி அந்த ரிக்கற்றுக்கு வருவோம்.

ஓர் ஊர் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பதைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ கொண்டு அறியலாம். கிழக்கு மேற்கு அப்படி இலகுவல்ல. பூமி சுற்றுவதால் கிழக்கே இருப்பவருக்குச் சூரியன் முந்தி உதிக்கிறது, மேற்கே இருப்பவருக்குப் பிந்தி. 24 மணித்தியாலத்தில் 360 பாகை என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே இரண்டு ஊர்களின் உள்ளூர் நேர வித்தியாசம் தெரிந்தால் அவற்றுக்கிடையிலான நெட்டாங்கு வித்தியாசமும் தெரியும். ஆனால் ஒரே கணத்தில் இரண்டு ஊர்களிலும் நேரம் என்ன என்பதைத் தொலைபேசி இல்லாத காலத்தில் எப்படி ஒப்பிடுவது?

வானத்தில் நடக்கும் ஒன்றை இருவரும் பார்க்க வேண்டும். சந்திர கிரகணம் அப்படிப்பட்டது. நிலவு தெரியும் இடத்திலெல்லாம் அது ஒரே கணத்தில் தொடங்குகிறது. பிரூனி, பக்தாதில் இருந்த அபுல் வஃபா என்ற முதிய கணித மேதையோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார். 997 மே 24ஆம் திகதி இரவு இவர் காத் நகரிலும் அவர் பக்தாதிலும் இருந்து ஒரே கிரகணத்தைப் பார்த்து, தத்தம் உள்ளூர் நேரத்தைக் குறித்தார்கள். வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வந்தது. பாலைவனங்களுக்கும் மலைகளுக்கும் அப்பால், பல வாரப் பயணத் தூரத்தில் இருந்த இரண்டு மனிதர் ஒரு நிழலைக் கொண்டு தமக்கிடையிலான தூரத்தை அளந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே அபுல் வஃபா மறைந்தார். இந்த ஒத்துழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். ஒருவருக்கு இருபத்து மூன்று வயது, மற்றவருக்கு ஐம்பத்தாறு.

உம்மம்மாவின் ரிக்கற்றில் தொலைந்துபோனதும் இதே நேரம்தான். கட்டுநாயக்காவும் ஜித்தாவும் ஏறத்தாழ 41 பாகை நெட்டாங்கு தள்ளி இருக்கின்றன. சூரியக் கணக்கில் அது இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அரசாங்கக் கடிகாரங்கள் அதை இரண்டரை என்று வைத்திருக்கின்றன. காலை எட்டுக்குப் புறப்பட்டால், ஜித்தாக் கடிகாரத்தில் அப்போது ஐந்தரை மணி. ஐந்தரையிலிருந்து பதினொன்றே முக்கால் வரை எண்ணினால் ஆறே கால் மணித்தியாலம். அதுதான் உண்மையான பயண நேரம். திரும்பும்போது அந்த இரண்டரையைக் கழிக்க வேண்டும். எட்டு மணித்தியாலம் ஐந்தரை ஆகிவிடும். வருவது போவதைவிடக் கொஞ்சம் விரைவு. மரத்தடியில் இதைச் சொன்னபோது, அப்படியானால் ஊசியை நம்மட ஊர் மணிக்கூட்டுக்கே போட்டுக்கொண்டு போகிறேன், அங்கே இறங்கிய பிறகு டொக்டர் சொன்னபடி மாற்றுகிறேன் என்று உம்மம்மா முடிவு செய்தார். கையில் இரண்டு மணிக்கூடு கட்டிக்கொண்டு போனவர் அந்த விமானத்தில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

பிரூனியின் வாழ்க்கை இதற்குப் பிறகும் அமைதியாகவில்லை. காஸ்பியன் கடலோரத்துக் குர்கான் நாட்டில் காபூஸ் என்ற ஆட்சியாளரிடம் சில ஆண்டுகள் இருந்தார். கி.பி. 1000 அளவில், இருபத்தேழு வயதில், பல்வேறு சமூகத்தாரின் நாட்காட்டிகளையும் பெருநாள்களையும் ஒப்பிடும் பெரு நூலை எழுதி அவருக்குக் காணிக்கையாக்கினார். இப்னு சீனாவோடு கடிதத்தில் வாதிட்டதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். பிறகு தாயகம் திரும்பி, குர்கான்ஜ் அரண்மனையில் ஆலோசகராக இருந்தார். 1017இல் அங்கும் கலகம். மன்னர் கொல்லப்பட, கஸ்னாவின் ஸுல்தான் மஹ்மூத் படையோடு வந்து குவாரிஸ்மைப் பிடித்தார். அறிஞர்களும் கொள்ளைப் பொருள்களோடு கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பிரூனியும் அவருடைய ஆசான் அபூ நஸ்ரும் இருந்தார்கள்.

மஹ்மூதின் அவைக்கு அழகு சேர்த்த அறிஞர் என்று பாடநூல்களில் எழுதிவிடுகிறோம். அவர் விரும்பிப் போன இடம் அல்ல அது. 1018ஆம் ஆண்டு ஐப்பசியளவில் காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தபோது சூரியனின் உயரத்தை அளக்க விரும்பினார். கையில் ஒரு கருவியும் இல்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பி, அதன் முதுகில் வட்டத்தின் கால்வாசியை வரைந்து பாகை குறித்து, ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அளந்தார். அவருடைய வாழ்க்கையை ஒரே படமாக வரையச் சொன்னால் நான் அந்தப் பலகையைத்தான் வரைவேன்.

கஸ்னாவில் எழுதி 1025இல் முடித்த நூல், சுருக்கமாகத் தஹ்தீத் எனப்படுவது. ஊர்களின் ஆள்கூறுகளைத் தீர்மானிப்பது அதன் பொருள். கஸ்னாவின் கிப்லா எது என்பது அதன் நோக்கம். அந்த நாட்களில் மத்திய ஆசிய நகரங்களில் ஒன்றுக்கொன்று முரணான கிப்லாக்கள் வழக்கில் இருந்தன. சிலர் மக்காவுக்குப் போகும் சாலை எந்தப் பக்கம் புறப்படுகிறதோ அந்தப் பக்கம் நின்றார்கள். சிலர் பழைய பள்ளியின் மிஹ்ராபைப் பார்த்துப் புதிய பள்ளியைக் கட்டினார்கள். பிரூனி கணக்குக் கேட்டார்.

கஸ்னாவுக்கும் பக்தாதுக்கும் இடையே நெட்டாங்கு வித்தியாசம் வேண்டும். கிரகணத்துக்குக் காத்திருக்க முடியாது. எதிர்முனையில் அபுல் வஃபாவும் இல்லை. ஆகவே ஒட்டகக் கூட்டங்களின் தூரங்களை எடுத்தார். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு இத்தனை பர்ஸக். ஒரு பர்ஸக் சுமார் ஆறு கிலோமீற்றர். ஆனால் சாலை வளைந்து நெளிந்து போகும், மலையைச் சுற்றும், தண்ணீருள்ள பக்கம் திரும்பும். நேர்க்கோட்டுத் தூரம் அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை அந்தந்த நிலத்தின் தன்மையைப் பார்த்து மதிப்பிட்டுக் கழித்தார்.

இது நமக்குப் புரியாத சங்கதி அல்ல. எழுவான்கரையில் செட்டிபாளையத்து வாவி ஓரத்தில் நின்றால் படுவான்கரை மரங்கள் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துக் குருக்கள்மடத்துத் துறையில் பாதை ஏறினால் அம்பிளாந்துறை அக்கரைதான். பாதை ஓடாத நாளில் மண்முனைப் பாலம் வரை போய்ச் சுற்றிவர வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரம் மாறவில்லை. நாம் போகும் தூரம்தான் மாறுகிறது. விமானத்துக்கும் அப்படியே. கட்டுநாயக்காவுக்கும் ஜித்தாவுக்கும் இடையே பூமியின் வளைவோடு அளந்தால் ஏறத்தாழ 4650 கிலோமீற்றர். ஆனால் வான்வழிகள் வகுக்கப்பட்டவை; புயலையும் மூடப்பட்ட வான்பரப்பையும் சுற்றத்தான் வேண்டும். பறந்த தூரம் எப்போதும் கணக்குத் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

பிரூனி ஒரு சங்கிலியோடு நிற்கவில்லை. வடக்கே ரை, குர்கான்ஜ், பல்கு வழியாக ஒரு கணக்கு. தெற்கே ஷீராஸ், ஸிஜிஸ்தான் வழியாக இன்னொரு கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்தன. பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே அவருக்குக் கிடைத்த விடை 24 பாகைக்குச் சற்று மேல். இன்று நாம் அறிந்த அளவும் 24 பாகையை ஒட்டியதே. அரைப் பாகைகூடப் பிசகவில்லை. ஒட்டகக்காரர் வாய்ச் சொல்லிலிருந்து இந்த விடையை எடுத்ததுதான் அவருடைய மிகப் பெரிய சாதனை என்பது என் எண்ணம். அதற்குப் பிறகுதான் கஸ்னாவின் கிப்லாவைக் கணித்தார். அவர் ஹஜ்ஜுக்குப் போனதாக வரலாற்றில் பதிவு இல்லை. கணக்கால் மட்டும் மக்காவை நோக்கிப் போனவர்.

அதே கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். மட்டக்களப்பிலிருந்து மக்கா ஏறத்தாழ 4740 கிலோமீற்றர். சுவரில் தொங்கும் வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தால், மேற்கிலிருந்து வடக்காக 18, 19 பாகை வரும். உருண்டைக் கணக்கில் 23 பாகைக்கு மேல் வருகிறது. உம்மம்மாவின் கொஞ்சம் வலப்புறம் இதுதான். இன்னொன்றும் தெரிந்தது. ஜூன் மாதக் கடைசி வாரத்தில் நம் ஊரில் சூரியன் மறையும் இடமும் கிப்லாவும் ஏறத்தாழ ஒன்றே. வாவிக் கரையில் மஃரிபுக்கு நிற்பவர்கள் அந்த நாட்களில் சிவந்த வானத்துக்கு நேரே நிற்கிறார்கள். மார்கழியில் அப்படி நினைத்துச் சூரியனை நம்பினால் தெற்கே வெகுதூரம் விலகிவிடுவோம்.

பூமியின் பருமனை அளந்த கதைதான் பிரூனியைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகவே எழுத விரும்புகிறேன். கலீபா மாமூன் காலத்தில், பாலைவனச் சமவெளியில் இரண்டு குழுக்கள் வடக்கும் தெற்குமாக நடந்து ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்று அளந்திருந்தார்கள். பிரூனியும் இளமையில் குர்கான் பக்கத்துச் சமவெளியில் அப்படி அளக்க விரும்பினார். ஆளும் ஆதரவும் கிடைக்காமல் கைவிட்டார். 1017க்கும் 1025க்கும் இடையில் நந்தனா என்ற மலைக்கோட்டைக்குப் போக நேர்ந்தது. இன்று பாகிஸ்தான் பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் இருக்கிறது. மலைக்குக் கீழே தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. அங்கே நடக்கத் தேவையில்லாத ஒரு வழியைக் கண்டார். முதலில் கீழிருந்து இரண்டு இடங்களில் மலை உச்சியின் கோணத்தை அளந்து உயரத்தைக் கண்டார்: 652 முழத்துக்குச் சற்று மேல். பிறகு உச்சிக்கு ஏறி, வானமும் நிலமும் தொடும் கோடு கண் மட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்தார்: 34 கலை, அதாவது அரைப் பாகையைவிடச் சிறிது கூட. பூமி தட்டையாக இருந்தால் அந்தத் தாழ்வே இராது. உயரமும் தாழ்வுக் கோணமும் போதும், மிச்சம் திரிகோண கணிதம். பூமியின் ஆரை ஒரு கோடியே 28 இலட்சம் முழம் என்று விடை வந்தது.

முழத்தை அரை மீற்றர் என்று கொண்டால் இது 6400 கிலோமீற்றர். உண்மை அளவு சராசரியாக 6371. இதை வைத்து நூற்றுக்கு 99 வீதம் சரி என்று மேடைகளில் முழங்குகிறோம். அந்த முழம் சரியாக எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து விடை கூடிக் குறையும். அடிவானத்துக்கு அருகே காற்று ஒளியை வளைக்கிறது. கோணத்தில் ஒரே ஒரு கலை பிசகினாலே விடை நூற்றுக்கு ஆறு வீதம் மாறிவிடும். ஆகவே இவ்வளவு நெருங்கிய விடையில் அதிர்ஷ்டத்தின் பங்கும் உண்டு. பிரூனியே தம் அளவை மாமூன் காலத்து அளவோடு ஒப்பிட்டு, நெருங்கி வந்ததில் திருப்திப்பட்டு, அவர்களுடைய கருவிகள் நுட்பமானவை, உழைப்பும் அதிகம் என்று அவர்கள் அளவையே மேலாகக் கொண்டார். அவர் விட்டுக்கொடுத்த பெருமையை நாம் அவருக்காகப் பறித்துக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு மலையும் ஒரு கோணமும் போதும் என்று கண்ட அந்த வழி தனியே நின்று பெருமை தரும்.

மஹ்மூதின் படையெடுப்புகளால் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகள் திறந்துவிடப்பட்டபோது, பிரூனி அங்கே சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டிய வயதில் புதிய மொழி, புதிய எழுத்து. பண்டிதர்களிடம் மாணவனாக உட்கார்ந்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபிக்குப் பெயர்த்தார். 1030 அளவில் முடித்த இந்தியா பற்றிய நூலில், தாம் ஏற்காத நம்பிக்கைகளையும் அவற்றை நம்புபவர்களின் வாயிலிருந்தே எடுத்துச் சொன்னார். மஹ்மூதின் படைகள் அந்நாட்டு வளத்தை அழித்ததையும், அதனால் அம்மக்கள் மனதில் முஸ்லிம்கள் மேல் வெறுப்பு வேரூன்றியதையும் அதே நூலில் எழுதத் தயங்கவில்லை.

அந்த நூலில் லங்காவுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. இந்திய வானியலாளர்கள் தங்கள் பூச்சிய நெட்டாங்கை உஜ்ஜயினி வழியாக இழுத்து, அது பூமத்திய கோட்டைத் தொடும் இடத்தில் லங்கா இருப்பதாக வைத்திருந்தார்கள். இன்று கிரீன்விச் இருக்கும் ஆசனத்தில் அன்று லங்கா. பிரூனி இதை அப்படியே எழுதிவிட்டு, கடலோடிகளிடம் விசாரித்தால் இந்த வர்ணனைக்குப் பொருந்தும் ஊர் எதுவும் அகப்படவில்லை என்கிறார். அவர் சந்தேகம் நியாயமானது. நம் மட்டக்களப்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏழே முக்கால் பாகையளவில் இருக்கிறது; உஜ்ஜயினியைவிட ஆறு பாகை கிழக்கே, சூரியக் கணக்கில் 24 நிமிடம் முந்தி. ஸரந்தீபின் முத்துக்குளிப்பு தம் காலத்தில் ஓய்ந்துபோனதையும் அவர் வேறோர் இடத்தில் குறித்திருக்கிறார்.

மஹ்மூத் கேள்விகளை எளிதில் பொறுப்பவர் அல்ல. தூர தேசத்துத் தூதர் ஒருவர், கடலுக்கப்பால் சூரியன் மறையாமலே சுற்றிவரும் இடத்தைக் கண்டதாகச் சொன்னபோது அது மதவிரோதம் என்று ஸுல்தான் சீறினாராம். பிரூனி அதற்கான காரணத்தை விளக்கியதும் கோபம் தணிந்தது என்று யாகூத் எழுதுகிறார். பூமி உருண்டையென்பதை அறிந்தவருக்கு அது ஆச்சரியமே அல்ல. 1030இல் மஹ்மூத் இறந்து மகன் மஸ்ஊத் வந்தபிறகு பிரூனிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. கானூன் அல்மஸ்ஊதி என்ற பேரேட்டை எழுதினார். அதில் ஏறத்தாழ 600 ஊர்களின் அகலாங்கு நெட்டாங்கு அட்டவணை இருக்கிறது. அதற்குப் பரிசாக ஸுல்தான் ஒரு யானைச் சுமை வெள்ளிக் காசு அனுப்பியதாகவும், தமக்குத் தேவையில்லை என்று அவர் திருப்பி அனுப்பியதாகவும் சொல்வார்கள்.

ஒரு நூலைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 1029இல் வடிவகணிதம், எண்கணிதம், வானியல், புவியியல், சோதிடம் எல்லாவற்றையும் கேள்வியும் பதிலுமாக, 530 கேள்விகளில் எழுதினார். தஃப்ஹீம் என்பது அதன் சுருக்கப் பெயர். அதை அவர் எழுதிக் கொடுத்தது ஒரு பெண்ணுக்கு. குவாரிஸ்மைச் சேர்ந்த, அல்ஹஸனின் மகள் ரைஹானா. புள்ளி என்றால் என்ன, கோடு என்றால் என்ன என்று தொடங்கி, ஊர்களின் தூரம், கிப்லா, அஸ்தர்லாப் கருவியைப் பிடிக்கும் விதம் வரை போகிறது. தகப்பன் பெயரும் ஊரும் தவிர ரைஹானாவைப் பற்றி எதுவும் எஞ்சவில்லை. ஆனால் கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. எளிமையாக்குகிறேன் என்று பிரூனி எதையும் வெட்டி விடவில்லை. அவள் கணக்குப் போடுவாள் என்று நம்பியே எழுதியிருக்கிறார். பெண் பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று இன்றும் கேட்கும் வீடுகளில் இந்தப் பெயரைச் சொல்லலாம்.

1036இல் தம் நூல்களுக்கு அவரே ஓர் அட்டவணை எழுதியபோது நூற்றுக்கு மேற்பட்டவை தேறின. பெரும்பாலானவை இன்று இல்லை. கடைசியாகத் தொட்டது மருந்துப் பொருள்கள் பற்றிய நூல்; கண்ணும் காதும் தளர்ந்துபோய், ஒரு வைத்திய நண்பரின் உதவியோடு எழுதினார்.

1048ஆம் ஆண்டளவில் கஸ்னாவில் மரணப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த சட்ட அறிஞர் ஒருவரிடம், முன்பொரு நாள் பேச்சில் வந்த ஒரு வாரிசுரிமைக் கணக்கைத் திரும்பக் கேட்டார். தாய்வழிப் பாட்டிமாரின் பங்கு சம்பந்தமானது. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலா என்று வந்தவர் இரங்கினார். தெரியாமல் போவதைவிடத் தெரிந்துகொண்டு போவது நல்லதல்லவா என்பது பிரூனியின் பதிலாக இருந்தது. அறிஞர் அதைச் சொல்லிக் கொடுத்தார். பிரூனி திருப்பிச் சொல்லி மனதில் பதித்தார். விடைபெற்று வெளியே வந்த அந்த மனிதர் தெருவில் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பார். பின்னால் வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.